டின்னில் வரும் பெப்டைடு முட்டிக்குப் போய்ச் சேருமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 56 வயது. இரண்டு வருடமாக முட்டி வலி. மாடிப்படி ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அதிகம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, ஜவ்வு தேய்மானம், ஆரம்பக் கட்டம் என்றார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகள் கொலாஜன் பெப்டைடு பவுடர் டின் ஒன்று அனுப்பியிருக்கிறாள். "இது பயோஆக்டிவ் பெப்டைடும்மா, நேரா மூட்டுக்குப் போய் ஜவ்வை வளர்க்கும், தினமும் 10 கிராம் கலக்கிக் குடி" என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், பாலிலிருந்து எடுத்த பெப்டைடு மாத்திரை விற்கிறார். அது பிரஷரைக் குறைக்குமாம், பக்க விளைவே கிடையாதாம். நான் பிரஷருக்கு எனலாப்ரில் 5 மி.கி. சாப்பிடுகிறேன். ஐந்தாறு மாதமாக வறட்டு இருமல் படுத்துகிறது. அதை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா? என் மகனுக்கு 27 வயது. ஜிம்முக்குப் போகிறான். தோள்பட்டை வலிக்கு பி.பி.சி. 157 என்று ஒரு பெப்டைடு ஊசியை நண்பனிடம் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறான். ஆட்டுக்கால் சூப்பிலும் இதேதான் இருக்கிறது, எதற்கு டின் என்கிறார் என் கணவர். எதை நம்புவது? நான்கு வருடம் முன்பு எனக்குக் கிட்னியில் கல் வந்து சரியானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். – வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படிக்கலாம். எனலாப்ரிலை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதே சமயம் அந்த இருமலைச் சும்மா விடவும் வேண்டாம். இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் மகன் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே கூடாது. மகள் அனுப்பிய டின் காத்திருக்கும். அதில் பெரிய ஆபத்தும் இல்லை, அவசரமும் இல்லை.

வாயில் போட்டது முட்டிவரை போகுமா என்பதுதான் உங்கள் கடிதத்தின் மையக் கேள்வி. அதைப் புரிந்துகொண்டால் மற்ற மூன்றுக்கும் பதில் பாதி கிடைத்துவிடும்.

புரதம் என்பது அமினோ அமிலங்களை நூற்றுக்கணக்கில் கோத்த பாசிமணி மாலை. அந்த மாலையை வெட்டினால் கிடைக்கும் சின்னச் சின்னத் துண்டுதான் பெப்டைடு. இரண்டு மணி உள்ளதும் பெப்டைடு, முப்பது மணி உள்ளதும் பெப்டைடு. பருப்பு, பால், முட்டை, மீன் என எதைச் சாப்பிட்டாலும் நம் வயிறு அதைப் பெப்டைடாகத்தான் வெட்டுகிறது. இரைப்பையில் பெப்சின் வெட்டும். சிறுகுடலுக்குப் போனதும் கணையத்திலிருந்து வரும் டிரிப்சினும் கைமோடிரிப்சினும் வெட்டும். கடைசியில் குடல் சுவரின் மேல் இருக்கும் நொதிகள் இன்னும் பொடியாக்கும். இதில் பெரும்பகுதி ஒற்றை அமினோ அமிலமாகவோ, இரண்டு மூன்று சேர்ந்த துண்டாகவோதான் உள்ளே போகிறது. அந்த இரண்டு, மூன்று மணித் துண்டுகளை உள்ளே இழுப்பதற்கென்றே குடல் சுவரில் பெப்ட்-1 என்ற கடத்திப் புரதம் இருக்கிறது. நான்கு மணி கோத்ததை அது எடுக்காது. உள்ளே இழுத்ததிலும் பெரும்பாலானவை குடல் செல்லுக்குள்ளேயே மறுபடி உடைந்து, ஒற்றை அமினோ அமிலமாகத்தான் ரத்தத்தில் கலக்கும்.

ஆகவே, நீளமான பெப்டைடு எதுவும் வாய்வழியாக முழுசாகப் போய்ச் சேர்வது மிகவும் அபூர்வம். இன்சுலின் 51 அமினோ அமிலம் உள்ள பெப்டைடு. 1922-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஊசியாகப் போட்டார்கள். நூறு வருடம் தாண்டியும் சர்க்கரை நோயாளிகள் அதை மாத்திரையாக விழுங்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். சர்க்கரைக்கும் எடைக்கும் இப்போது பேசப்படும் செமக்ளூடைடும் ஒரு பெப்டைடுதான். சர்க்கரைக்கு ஊசியாக வாரத்துக்கு 1 மி.கி. போட்டால் போதும் என்கிற மருந்தை, மாத்திரையாகக் கொடுக்கும்போது தினமும் 14 மி.கி. வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுவும் சும்மா இல்லை. இரைப்பைச் சுவர் வழியே நுழைய உதவும் ஒரு உப்பை 300 மி.கி. சேர்த்து, வெறும் வயிற்றில் அரை டம்ளர் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் ரத்தத்துக்குப் போவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய மருந்து கம்பெனி பல வருடம் உழைத்துச் சாதித்தது இவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு டின்னுக்கு வருவோம்.

கொலாஜன் விஷயத்தில் உங்கள் மகள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறுக்கக் கூடாது. மாட்டுத் தோல், மீன் தோல், செதில் இவற்றில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை நொதி போட்டு முன்கூட்டியே வெட்டித்தான் இந்தப் பவுடரைச் செய்கிறார்கள். கொலாஜனில் ஹைட்ராக்சிபுரோலின் என்ற, மற்ற உணவுப் புரதங்களில் அநேகமாக இல்லாத ஓர் அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடத்தை நம் நொதிகளால் சுலபமாக வெட்ட முடியாது. அதனால் அந்த இரட்டைத் துண்டு தப்பித்து ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. 2005-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆட்களுக்குக் கொலாஜன் பெப்டைடைக் குடிக்கக் கொடுத்து, பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அந்தத் துண்டுகள் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டன, நான்கு மணி நேரத்தில் பாதியாகிவிட்டன. ஆய்வகத் தட்டில் வளர்த்த தோல் செல்கள்மேல் இந்தத் துண்டைப் போட்டால் அவை சுறுசுறுப்பாகப் பெருகுவதையும் பின்னால் பார்த்தார்கள். "பயோஆக்டிவ்" என்று டின்னில் போடுவதற்கு ஆதாரம் இதுதான். உணவாக இருப்பதோடு செல்லுக்கு ஏதோ ஒரு சமிக்ஞையும் கொடுக்கிறது என்று அர்த்தம். ஆதாரம் பொய்யில்லை.

ஆனால் ரத்தத்துக்கு வந்தது வேறு, முட்டியில் வேலை செய்வது வேறு. விளம்பரம் தாண்டிக் குதிக்கும் இடம் இது.

உங்கள் முட்டியின் ஜவ்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரத்தக் குழாயே கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்து ஊறி வருவதை வைத்துத்தான் அங்கிருக்கும் செல்கள் பிழைக்கின்றன. அங்கே இருப்பது இரண்டாம் வகைக் கொலாஜன். உங்கள் டின்னில் "வகை 1, 3" என்று போட்டிருக்கும் பாருங்கள், அது தோலில் இருந்து வந்த வகை. வெட்டிப் பொடியாக்கிய பிறகு வகை எதுவானால் என்ன என்று ஒருவர் கேட்கலாம், அது நியாயம்தான். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது.

1950, 60களில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தபோது காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஒரேயடியாக ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. அந்தக் காலத்தில் உடம்பில் உருவான எந்தத் திசுவிலும் அதன் அடையாளம் பதிந்திருக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் மனித முட்டி ஜவ்வை எடுத்து இந்தக் கார்பனை அளந்து 2016-ல் வெளியிட்டார்கள். ஜவ்வில் இருக்கும் கொலாஜன் ஒருவர் வளரும் பருவத்தில் உருவானது. பெரியவர்களான பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படவே இல்லை. நல்ல முட்டியிலும் அப்படித்தான், தேய்ந்த முட்டியிலும் அப்படித்தான். தோலில் இருக்கும் கொலாஜனாவது பதினைந்து வருடக் கணக்கில் பாதி மாறும் என்று இதற்கு முன்பே ஒரு கணக்கு உண்டு. ஜவ்வில் அதே கணக்கு நூறு வருடத்தைத் தாண்டுகிறது. அப்படியிருக்கும் திசுவை மூன்று மாதம் பவுடர் குடித்து "வளர்க்கலாம்" என்று சொல்பவர்களிடம் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. சகோதரி, ஜவ்வு வளராது. அந்த நம்பிக்கையில் மட்டும் குடிக்காதீர்கள்.

அப்படியானால் வலி குறைந்தது என்று பலர் சொல்கிறார்களே? குறைகிறது. முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்குக் கொலாஜன் பெப்டைடு கொடுத்துச் செய்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், டம்மி பவுடரைவிட வலி கொஞ்சம் குறைவதாகவே வருகிறது. ஆனால் அந்தச் சோதனைகளில் பல சிறியவை, பவுடர் செய்யும் கம்பெனிகளின் பணத்தில் நடந்தவை. இது வெறும் சந்தேகப் பேச்சு இல்லை. தோல் சுருக்கத்துக்குக் கொலாஜன் கொடுத்த 23 சோதனைகளைத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2025-ல் பிரித்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்க்கும்போது பலன் தெரிந்தது. கம்பெனிப் பணம் வாங்காதவற்றை மட்டும் தனியாக எடுத்தபோது பலன் காணாமல் போனது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2011-ல், கொலாஜன் ஹைட்ரோலைசேட் (வெட்டிய கொலாஜன், அதாவது இதே பவுடர்) மூட்டைப் பாதுகாக்கும் என்று சொல்லிக்கொள்ள ஆதாரம் போதாது என்று நிராகரித்தது. முட்டி வலிக்கு ஒரு தனிக் குணமும் உண்டு: நாலு நாள் ஏறும், பத்து நாள் இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிதாக எதையாவது ஆரம்பிப்போம். அது தானாக இறங்கும்போது பெயர் பவுடருக்குப் போய்விடும்.

கடையில் 40 மி.கி. கொலாஜன் மாத்திரை என்று ஒன்றும் விற்கிறார்கள். அது வேறு சரக்கு. வெட்டாத இரண்டாம் வகைக் கொலாஜன்; குடலில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்களைப் பழக்கி, மூட்டு அழற்சியைத் தணிக்கலாம் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். 10 கிராம் பவுடருக்குப் பதில் இது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

டின்னைக் கையில் எடுத்து முதுகுப் பக்கத்தைப் படியுங்கள். 10 கிராமுக்குப் புரதம் 9 கிராம் என்று இருக்கும். அந்த 9 கிராமை முட்டையின் புரதத்தோடு சமமாக எண்ணிவிடாதீர்கள். உடம்பால் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபான் கொலாஜனில் சுத்தமாக இல்லை. புரதத்தின் தரத்தை அளக்கும் கணக்கில் அதற்குப் பூஜ்ஜியம்தான். கொலாஜன் குடிக்கிறேனே என்று மதியச் சாப்பாட்டில் பருப்பையும் முட்டையையும் குறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

உங்களுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கிட்னிக் கல் பற்றி எழுதியது நல்லதாயிற்று. அந்த ஹைட்ராக்சிபுரோலின் உடம்பில் உடையும்போது கடைசியில் ஆக்சலேட்டாக மாறி சிறுநீரில் வெளியேறுகிறது. ஜெலட்டின் நிறையச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் ஆக்சலேட் கூடுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் வரும் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள்தான். எனவே தினமும் 10 கிராம் என்பது உங்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் அளவு இல்லை. குடித்தே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் முதலில் ஒரு ஸ்கேனும் கிரியாட்டினின் பரிசோதனையும் எடுத்து, கல் இல்லை, கிட்னி நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு 5 கிராம், மூன்று மாதம், தண்ணீர் தாராளமாக. மூன்று மாதத்தில் படி இறங்குவதில் தெளிவான வித்தியாசம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பழைய கல் ஆக்சலேட் கல் என்று ரிப்போர்ட் கையில் இருந்தால், குடிக்கவே வேண்டாம் என்பேன்.

உங்கள் கணவர் சொன்னது சரி. ஆட்டுக்காலை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் தோலிலும் நரம்பிலும் இருக்கும் கொலாஜன் ஜெலட்டினாக இறங்கும். ஆறிய சூப்பு ஃப்ரிட்ஜில் அல்வா மாதிரி இறுகுவது அதனால்தான். அது வயிற்றுக்குள் போனால் நம் நொதிகளே அதைப் பெப்டைடாக வெட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு கிண்ணத்தில் எவ்வளவு இறங்கியது என்பது வீட்டுக்கு வீடு மாறும். மேலே மிதக்கும் கொழுப்பையும் பிரஷர்காரர்களுக்கு ஆகாத உப்பையும் கவனிக்க வேண்டும். கல் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் ஆசைக்குச் சாப்பிடுங்கள், மருந்தாக வேண்டாம். சைவம் சாப்பிடும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: எந்தச் செடியிலும் கொலாஜன் இல்லை. "தாவரக் கொலாஜன்" என்று விற்பதில் இருப்பது பெரும்பாலும் வைட்டமின் சி-யும் சில அமினோ அமிலங்களும். உடம்பு தன் கொலாஜனைத் தானே கட்டுவதற்கு வைட்டமின் சி கட்டாயம் தேவை என்பது உண்மை. அதற்கு ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ போதும்.

முட்டிக்கு உண்மையில் எது உதவும்? தொடையின் முன்பக்கத் தசை. படி இறங்கும்போது உங்கள் எடையைப் பிடித்து மெதுவாக இறக்குவது அந்தத் தசைதான். இறங்கும்போது அதிகம் வலிக்கிறது என்று நீங்கள் எழுதியதே அது பலவீனமாக இருக்கலாம் என்பதைக் காட்டுகிறது. நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். ஒரு காலை மெதுவாக நீட்டி, முட்டி நேராகும்வரை தூக்குங்கள். பாதத்தின் விரல்கள் உங்களைப் பார்த்து மடங்கியிருக்கட்டும். தொடை இறுகுவது கையால் தொட்டால் தெரியும். மனதுக்குள் பத்து எண்ணி, தூக்கியதைவிட மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். முதல் வாரம் கொஞ்சம் வலிக்கும், அதற்காக நிறுத்த வேண்டாம். ஆறு வாரம் விடாமல் செய்தால் பலன் தெரிய ஆரம்பிக்கும். எடை கூடுதலாக இருந்தால், குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் நடக்கும்போது முட்டிமேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. இதற்கான ஆதாரம் எந்தப் பவுடருக்கும் இருப்பதைவிடப் பல மடங்கு உறுதி. தசைக்குப் புரதமும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். இரண்டு முட்டை, இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர், மதியம் கெட்டிப் பருப்பு, சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று வைத்தாலே அதை எட்டிவிடலாம்.

இப்போது பிரஷர் மாத்திரை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் எனலாப்ரிலும் பக்கத்து வீட்டு மாத்திரையும் உண்மையிலேயே சொந்தக்காரர்கள்.

பிரேசிலில் ஜரராக்கா என்றொரு விரியன் பாம்பு இருக்கிறது. 1960களில் செர்ஜியோ ஃபெரேரா என்ற பிரேசில் விஞ்ஞானி அதன் விஷத்தில் சில பெப்டைடுகளைக் கண்டார். அவை நம் உடம்பிலேயே சுரக்கும் பிராடிகைனின் என்ற பெப்டைடின் வேலையைப் பெருக்கிவிட்டன. பிராடிகைனின் ரத்தக் குழாயைத் தளர்த்தும். அதை உடைக்கும் நொதிக்கு ஏ.சி.இ. என்று பெயர். அதே நொதிதான் ஆஞ்சியோடென்சின் என்ற இன்னொரு பெப்டைடை, ரத்தக் குழாயை இறுக்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. பாம்பின் பெப்டைடு அந்த நொதியைப் பூட்டிவிடுகிறது. அப்படியானால் அதையே பிரஷர் மருந்தாக்கலாமே என்று முயன்றார்கள். ஒன்பது அமினோ அமிலம் கொண்ட அந்தப் பெப்டைடை ஊசியாகப் போட்டால் பிரஷர் இறங்கியது. வாயில் கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. மேலே சொன்ன அதே வயிற்றுக் கதைதான். பிறகு அமெரிக்காவில் ஒண்டெட்டி, குஷ்மன் என்ற இருவர் அந்தப் பெப்டைடின் வால் நுனியை மட்டும் பார்த்து, குடல் வெட்ட முடியாத ஒரு சின்ன மூலக்கூறை 1975-ல் செய்தார்கள். அதுதான் கேப்டோப்ரில், 1981-ல் அங்கே அனுமதி கிடைத்தது. அதற்கு அடுத்து வந்த தம்பிதான் உங்கள் எனலாப்ரில்.

பால் பெப்டைடு வந்த வழி வேறு. ஜப்பானில் கால்பிஸ் என்ற புளித்த பால் பானத்தை ஆராய்ந்தவர்கள், லாக்டோபேசில்லஸ் ஹெல்வெடிகஸ் என்ற பாக்டீரியா பாலின் கேசின் புரதத்தை வெட்டும்போது மூன்று மணி கோத்த வி.பி.பி., ஐ.பி.பி. என்ற இரண்டு துண்டுகள் உண்டாவதை 1990களில் கண்டார்கள். அவையும் அதே ஏ.சி.இ. நொதியைத் தடுக்கின்றன. கடைசியில் இரண்டு புரோலின் இருப்பதால் வயிற்றில் ஓரளவு தப்பிக்கவும் செய்கின்றன. பிரஷரைக் குறைக்கும் என்பது முழுப் பொய் இல்லை. ஆனால் ரத்தத்துக்குப் போவது மிகமிகச் சொற்பம். ஜப்பானில் செய்த சோதனைகளில் பலன் நன்றாகத் தெரிந்தது. ஐரோப்பாவில் செய்தபோது சிலவற்றில் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மேல் அளவில் சுமார் 3 புள்ளி இறங்குகிறது. 150 இருப்பவருக்கு 147 ஆகும். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாலே அதைவிட அதிகம் இறங்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த விளம்பர வாசகத்தையும் ஏற்கவில்லை. அவர் விற்கும் மாத்திரையில் அந்தத் துண்டு எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியாவில் இப்படிப்பட்ட பொருட்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சப்ளிமென்ட் விதிக்குள் வருகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று லேபிளில் போட்டே ஆக வேண்டும். அதை விற்பவரே பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அவர் தன் டப்பாவில் எழுதியிருப்பதற்கே எதிராகப் பேசுகிறார்.

உங்கள் இருமலுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. எனலாப்ரில் அந்த நொதியைப் பூட்டும்போது பிராடிகைனின் உடையாமல் தேங்குகிறது. அது நுரையீரல் பாதையைக் கிளறி வறட்டு இருமலை வரவழைக்கும். இந்த வகை மாத்திரை சாப்பிடுபவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது வருவதுண்டு. சளி இருக்காது, இருமல் சிரப்புக்கும் கேட்காது, ராத்திரி படுத்தால் கூடும். மாத்திரையை மாற்றினால் சில வாரத்தில் தானாக நின்றுவிடும். டெல்மிசார்டன், லோசார்டன் வகை மாத்திரைகள் அந்த நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் இடத்தை மட்டும் அடைக்கின்றன. அதனால் இந்த இருமல் அவற்றில் அபூர்வம். விலையும் அதிகமில்லை. டாக்டரிடம், "இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் இருமல்" என்று தேதியோடு சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார். நெஞ்சில் வேறு எதுவும் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்வார். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: எனலாப்ரில் சாப்பிடும்போது உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கினால் அடுத்த மாத்திரை போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கும் காரணம் இதே பிராடிகைனின்தான்.

உங்கள் மகன் விஷயத்தில் வளவள என்று பேச மாட்டேன். பி.பி.சி. 157 என்பது 15 அமினோ அமிலம் உள்ள, ஆய்வகத்தில் செய்த பெப்டைடு. அறுந்த தசைநாண் சீக்கிரம் கூடியது என்பதெல்லாம் பெரும்பாலும் எலிகளில் பார்த்தது. மனிதர்களுக்கான மருந்தாக இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022-ல் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. போட்டிகளில் கலந்துகொள்பவன் என்றால் இது ஒன்றே அவனுக்குப் போதும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023-ல், பாதுகாப்புக் கவலை உள்ள பொருட்களோடு அதை வைத்தது. ஃப்ரிட்ஜில் இருக்கும் குப்பியை எடுத்துப் பாருங்கள். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். வாயில் போடும் பெப்டைடை வயிறு வெட்டிவிடுகிறது, அது ஒரு பாதுகாப்பும்கூட. ஊசியில் போவது அந்த வேலியைத் தாண்டி அப்படியே உள்ளே இறங்குகிறது. குப்பிக்குள் கிருமி இருந்தாலும், வேறு ஏதாவது கலந்திருந்தாலும் அதுவும் சேர்ந்து இறங்கும். புதிய ரத்தக் குழாய்களை வளரச் செய்யும் பொருள் என்பதால், உடம்பில் வளரக் கூடாதது எதுவும் இதனால் வளராது என்ற உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது. 27 வயதுத் தோள்பட்டை வலிக்கு, ஆறு வாரம் கனம் தூக்குவதைக் குறைத்து, ஒரு பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சி எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். சரியாகவில்லை என்றால் ஸ்கேன் எடுத்து எலும்பு மருத்துவரைப் பார்க்கட்டும். இந்தப் பதிலை அவனிடமே படிக்கக் கொடுங்கள். திட்ட வேண்டாம், வலி இருக்கும் பையன், வழி தேடியிருக்கிறான்.

டாக்டரிடம் போகும்போது எனலாப்ரிலையும் கொலாஜன் டின்னையும், பால் பெப்டைடு மாத்திரை வாங்கியிருந்தால் அதையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். போகும் நாள்வரை தினமும், காலையில் மாத்திரைக்கு முன்னும் இரவு படுக்கும் முன்னும், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பிரஷர் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாத்திரை மாற்றிய பிறகும் இரண்டு வாரம் அப்படியே எழுதுங்கள். வீட்டில் கருவி இல்லையென்றால், அடுத்த டின்னுக்குப் பதிலாக அதை வாங்கி அனுப்பும்படி மகளிடம் சொல்லுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டும் வகைதான் சரியாக அளக்கும்.